சாலையைப் பார்த்த சறுக்கு மரம்

விழுப்புரத்தில் காலை ஏழே காலுக்குக் கிளம்பும் பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டி நான்காவது நிறுத்தத்தில் என்னை இறக்கிவிடும். அங்கே இருந்த பால்வாடியில்தான் நான் முதன்முதலில் டீச்சராகச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. சத்துணவு வந்த புதிதில் ஊருக்கு ஊர் ஒற்றை அறைக் கட்டடங்கள் எழும்பின. அந்த ஊருக்குள் யாரும் இடம் கொடுக்க மனம் வைக்காததால், சென்னைக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டிய புறம்போக்கில் எங்கள் கட்டடத்தைக் கட்டிவிட்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் வெறும் கட்டாந்தரை. அதைத் தாண்டினால் தார் ரோடு. நடுவில் வேலி என்று எதுவும் இல்லை. நாள் முழுக்க லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பாடும்போது லாரி வந்தால் பாட்டை நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

முப்பது பிள்ளைகள். சுவரோரம் வரிசையாக உட்காரவைக்க வேண்டும், பாட்டுச் சொல்லித்தர வேண்டும், நடுப்பகலில் சோறு போட வேண்டும், பாய் விரித்துத் தூங்கவைக்க வேண்டும், மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். விளையாட்டு என்று அட்டவணையில் அரை மணி நேரம் இருந்தது. எங்கே, எதை வைத்து என்று எதிலும் இல்லை.

எனக்கு உதவிக்கு ஓர் ஆயா இருந்தார். ஆயா என்பது வேலையின் பெயர்தான். அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. காலனியில் வீடு. கரும்பு வெட்டப் போன இடத்தில் கணவர் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். சமையல், பாத்திரம், பிள்ளைகளைக் கழுவிவிடுவது எல்லாம் அவர்தான்.

விளையாட விட்டால் பிள்ளைகள் கட்டடத்தின் பின்பக்கம்தான் ஓடுவார்கள். அங்கே ஒரு புங்கமரம் நின்றது. அரிசி கழுவிய தண்ணீரை ஆயா அதன் அடியில் ஊற்றுவார். அந்த ஈர மண்ணில் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து எதையாவது பிசைந்துகொண்டிருப்பார்கள். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. சேற்றோடு உள்ளே வரும் பிள்ளைகளை நான் அதட்டியிருக்கிறேன்.

காரணம் இருந்தது. வேலையில் சேரும் முன் திண்டிவனத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு நாள் அங்கிருந்த ஒரு கான்வென்ட் பள்ளிக்கு அழைத்துப்போய்ச் சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்தைக் காட்டினார்கள். சிவப்பும் மஞ்சளும் அடித்த ஊஞ்சல், சீசா, சறுக்கு மரம். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறிச் சறுக்கினார்கள். நானும் விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நிலக்கரிப் புகைக்குள் வளர்ந்தவள்தான். அப்படியோர் இடத்தை நான் பார்த்ததே இல்லை. அன்று மனசுக்குள் ஒன்று பதிந்தது. என் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

சேர்ந்த ஆறாவது மாதம், அந்த கான்வென்டில் புதிய சறுக்கு மரம் வாங்கப்போகிறார்கள், பழையது கொட்டகையில் கிடக்கிறது என்று கூடப் பயிற்சி எடுத்த தோழி சொன்னாள். ஒரு சனிக்கிழமை திண்டிவனம் போய்க் கேட்டேன். அங்கிருந்த சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போம்மா, துருப்பிடிச்சிருக்கு, பெயிண்ட் அடிச்சுக்கோ" என்றார். அடுத்த வாரமே காலி டிராக்டர் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன்.

எங்கே நடுவது என்பதில்தான் எனக்கும் ஆயாவுக்கும் பேச்சு வந்தது.

"பின்னால புங்கமரத்தாண்ட வச்சிடலாம் டீச்சர். நெழலு இருக்கு. தகரம் வெயில்ல காஞ்சா புள்ளைங்க எப்படிக் குந்தும்?"

"பின்னால வச்சா யாருக்குத் தெரியும்க்கா? முன்னால வைப்போம்."

"ரோடு கீதே டீச்சர்."

"ரோடு அங்க இருக்கு. நாம இங்க வைக்கறோம். நடுவுல எவ்வளவு இடம் பாருங்க."

நான் காலால் அடியெடுத்து அளந்தேன். பெரியவர்கள் காலடியில் பதினாறு. அது எனக்கு நிறையவே தெரிந்தது. ஒரு நான்கு வயதுப் பிள்ளை சறுக்கி இறங்கும் வேகத்தில் அந்தப் பதினாறு அடியை எத்தனை நொடியில் கடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. வாசலிலிருந்து நேரே வரிசையாக வந்து ஏற வசதியாக ஏணியைக் கட்டடத்தின் பக்கம் வைக்கச் சொன்னேன். அப்போது சறுக்கும் பலகை சாலையைப் பார்த்துத்தானே இறங்கும்? கொத்தனார்கூட, "இப்படியா டீச்சர்?" என்று ஒரு தரம் கேட்டார். இப்படித்தான் என்றேன். சிமெண்ட் போட்டு நான்கு கால்களையும் இறுக்கினார். நானே சிவப்பும் மஞ்சளும் அடித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க வேண்டும், ஜீப்பில் வரும் அதிகாரிகள் பார்க்க வேண்டும், இந்தப் பால்வாடி டீச்சர் யார் என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது நடக்கவும் செய்தது. எங்கள் மேற்பார்வையாளர் அம்மா வந்தபோது ஜீப்பிலிருந்து இறங்காமலேயே சிரித்தார். மற்ற டீச்சர்களிடம் என்னைக் காட்டிப் பேசினாராம்.

பிள்ளைகளுக்கும் சந்தோஷம்தான். பத்து மணிக்கு மேல் தகரம் சுட்டது, அதனால் காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சறுக்கு மரத்துக்கு விட்டோம். ஆயா சறுக்குப் பலகையின் முடிவில், சாலைக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். சறுக்கி இறங்கும் பிள்ளை நேரே அவர் கைக்குள் வந்து நிற்கும். அவர் அதைத் திருப்பி ஏணிப் பக்கம் தள்ளிவிடுவார். அப்படி நிற்கச் சொல்லி நான் சொன்னதில்லை. அவராகவே நின்றார். அடுப்பு வேலை பின்தங்கியது. "இன்னும் அரிசி போடலையாக்கா?" என்று நான்தான் உள்ளேயிருந்து சத்தம் போடுவேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, காலனியில் ஆயா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவளின் மகள். நான்கு வயது. அம்மா கழனி வேலைக்குப் போகிறவள், அப்பா இல்லை. மற்ற பிள்ளைகள் பலகையின் முடிவிலேயே வேகம் அடங்கி நின்றுவிடுவார்கள். இவள் நிற்க மாட்டாள். கால் தரையைத் தொட்டதும் அதே வேகத்தில் ஓடுவாள். ஆயாவின் வயிற்றில் தலையை முட்டிக்கொண்டு சிரிப்பாள்.

அன்று மேற்பார்வையாளர் அம்மா முன்தகவல் இல்லாமல் வந்துவிட்டார். நான் பதற்றத்தில் இருந்தேன். உள்ளே எடை போடும் தராசைக் காட்டச் சொன்னார். அது பரண் மேல் இருந்தது. எனக்கு எட்டவில்லை.

"அக்கா, ஜல்தி வாங்க" என்று கூப்பிட்டேன்.

"புள்ளைங்க ஆடிக்கினு கீதுங்க டீச்சர்" என்றார் வெளியிலிருந்து.

"ஒரு நிமிஷம்தான், வாங்க."

வந்தார். ஸ்டூலில் ஏறித் தராசை எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பிரேக் சத்தம் கேட்டது. நீளமாகத் தேய்ந்து கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நான் திரும்புவதற்குள் ஆயா ஸ்டூலிலிருந்து குதித்து வாசலைத் தாண்டியிருந்தார்.

மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரி. டிரைவர் ஓடவில்லை. இறங்கி வந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு, "குறுக்க வந்துச்சிங்க, சாமி சத்தியமா குறுக்க வந்துச்சிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நிற்காமல் ஓடும் அந்தப் பிள்ளைதான். உயிர் இருந்தது. இடது கால் தொடையிலிருந்து கீழே துவண்டு தொங்கியது. ஆயா அவளை மடியில் போட்டுக்கொண்டு அதே லாரியில் ஏறினார். நான் மற்ற பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவர்கள் யாரும் அழவில்லை. சுவரோரம் தாங்களாகவே வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அம்மா ஒரு காகிதத்தோடு வந்தார். பணி நேரத்தில் ஆயா பிள்ளைகளைத் தனியே விட்டு அகன்றதால் விபத்து நேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தது. கீழே என் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"நான்தான் மேடம் கூப்பிட்டேன்" என்றேன்.

"தெரியும். நானும் அங்கதானே இருந்தேன்" என்றார். "யார் சொல்லி அந்தச் சறுக்கு மரத்தை வச்சேன்னு கேட்டா என்ன சொல்லுவே? அனுமதிக் கடிதம் இருக்கா? யோசிச்சுக்கோம்மா. உன் வேலையும் போகும், அவ வேலையும் போகும். ரெண்டு பேரும் போறதுல யாருக்கு என்ன லாபம்?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. பயந்துபோயிருந்தார். நானும் பயந்திருந்தேன். வீட்டில் அப்பா ஓய்வு பெற்று, எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். இதெல்லாம் காரணம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன்.

ஆயா தன் தூக்குச்சட்டியை எடுத்துப்போக வந்த அன்று நான் பாத்திர அலமாரிக்கு முன்னால் எதையோ தேடுவது போல நின்றேன். அவர் என் பின்னால் வந்து நின்றார்.

"நீங்க கூப்ட்டீங்க டீச்சர்" என்றார்.

திட்டவில்லை, அழவில்லை. நான் திரும்பவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. சறுக்கு மரத்தின் ஏணியில் வேலிகாத்தான் முள்ளை வைத்துக் கட்டினேன். புதிதாக வந்த ஆயா வயதானவர், அடுப்பை விட்டு நகர மாட்டார். விளையாட்டு நேரத்திலும் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக முள் கட்டிய ஏணியைப் பார்ப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும், பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு காலையில் அந்தப் பெண்ணின் அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இடது கால் குச்சி போல நீட்டிக்கொண்டிருந்தது.

"வூட்ல தனியா வுட்டுட்டு கழனிக்குப் போவ முடியல டீச்சர். இங்க வச்சிக்கிறீங்களா?" என்றாள். பிறகு சாலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ளாற குந்த வையுங்க" என்றாள்.

உள்ளே உட்காரவைத்தேன். மற்ற பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார, இவள் ஒரு காலை நீட்டியே உட்கார வேண்டும். நடக்கிறவர்கள் அந்தக் காலில் இடறினார்கள். இரண்டு பேர் மிதித்தார்கள். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு நான் உத்தரவை மீறிப் பிள்ளைகளைப் பின்பக்கம் விட்டேன். எல்லோரும் புங்கமரத்தடி ஈரத்தில் போய்க் குந்தினார்கள். அவளால் குந்த முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவும் மேடை வரைக்கும் காலை இழுத்துக்கொண்டு போனாள். அது அவள் வயிற்று உயரம் இருந்தது. மேடையின் விளிம்பில் ஒட்டியிருந்த சாம்பலையும் மண்ணையும் கையால் கூட்டி, தண்ணீர் தெளித்து, உருட்டத் தொடங்கினாள். நின்றபடியே. மதியச் சோற்றுக்குக் கூப்பிடும் வரை அவள் அங்கிருந்து அசையவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது வேறு எதுவும் எனக்கு யோசனையில் இல்லை. பயிற்சியில் காட்டிய சறுக்கு மரத்தையும் ஊஞ்சலையும்தான் நான் விளையாடும் இடம் என்று நினைத்திருந்தேன். என் பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள், எதைத் தொட்டார்கள், எந்த உயரத்தில் தொட்டார்கள் என்று ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எல்லாம் பின்பக்கமே இருந்தது. நிழல், தண்ணீர், மண். சாலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு கட்டடம்.

பிறகு மண் தொட்டி கட்டினோம். கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் பின்னால் கிடந்தது. அந்தப் பெண்ணின் அம்மா வேலை இல்லாத ஒரு நாளில் வந்து மண் குழைத்தாள். மேல்விளிம்பு பிள்ளைகள் வயிற்று உயரம். நின்றபடியே எட்டும் அகலம். ஒரு பக்கம், நிற்கும்போதும் சற்றே முன்னால் நீண்டுவிடும் கால் நுழைய அடியில் இடம் விட்டுக் கட்டினேன். பிள்ளையை நிற்கவைத்து இரண்டு முறை அளந்து பார்த்தேன். ஆற்று மணல் கொண்டுவந்து நிரப்பினேன்.

கடைசி வரிசைக் கல் வைக்கும்போது நான் சொன்னேன். எப்போது சொல்வது என்று பல நாள் யோசித்த விஷயம் அது.

"அன்னிக்கு ஆயா தானா உள்ள வரல. நான்தான் கூப்பிட்டேன். வர மாட்டேன்னாங்க. நான் மறுபடியும் கூப்பிட்டேன்."

அவள் கையில் இருந்த மண்ணைக் கீழே போட்டாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அது எங்கூட்டு வாசல்ல வந்து நின்னு அழுதுச்சி டீச்சர். நான் கதவ சாத்திட்டேன். எங்க தெருவே அதுகூடப் பேசல. இத்தினி நாளு பேசல."

வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த நாள் வரை அவள் என்னோடு பேசியதெல்லாம் பிள்ளையைப் பற்றி மட்டும்தான்.

அந்த வாரம் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுதியதைச் சொல்வதற்காக ஆயாவைத் தேடிப் போனேன். மல்லாட்டை பிடுங்கும் சமயம். ஒரு பத்துப் பேரோடு கடலைக் கொல்லையில் குந்தியிருந்தார். முகம் கறுத்து மெலிந்திருந்தது.

"உண்மையை எழுதிட்டேன்க்கா" என்றேன்.

செடியைப் பிடுங்கி மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார். "இன்னான்னு எழுதினீங்க?"

"நான் கூப்பிட்டதாலதான் நீங்க வந்தீங்கன்னு."

"அதுக்கு முன்னால டெய்லி நான் அங்க நின்னுக்கினு இருந்தது?"

அதை நான் எழுதியிருக்கவில்லை.

"யாரும் சொல்லாம நின்னேன் டீச்சர். அஞ்சு மாசம் நின்னேன். அதையும் எழுதுங்க" என்றார். பிறகு அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார். உட்காருங்கள் என்றோ, போங்கள் என்றோ அவர் சொல்லவில்லை.

இரண்டாவது கடிதமும் எழுதினேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. மேற்பார்வையாளர் அம்மா மாற்றலாகிப் போயிருந்தார். ஆயாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த தைக்குப் பிறகு அவர் பாண்டிச்சேரிப் பக்கம் அண்ணன் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மண் தொட்டியைச் சுற்றி எப்போதும் பிள்ளைகள் நின்றார்கள். நொண்டிப் பிள்ளைக்காகக் கட்டியது என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் நடுவில் நின்று, மற்றவர்களுக்கு எங்கே வீடு கட்ட வேண்டும், எங்கே கிணறு வெட்ட வேண்டும் என்று அதிகாரம் செய்வாள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர், "இதென்ன, மாட்டுத் தொட்டியா?" என்று கேட்டார். இல்லை, விளையாட என்றேன். குறிப்பேட்டில் எதுவும் எழுதாமல் போனார். சறுக்கு மரத்தை நான் கொத்தனாரை அழைத்து அறுத்து எடுக்கச் சொல்லிவிட்டேன். சிமெண்ட்டில் நின்ற நான்கு இரும்புக் கட்டைகளை மட்டும் எடுக்க முடியவில்லை. அவற்றின் மேல் கல்லை அடுக்கி மூடினேன்.

ஐந்து வயது முடிந்து அவளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று உயரமான படிகள். மடங்காத காலோடு அவளால் ஏற முடியவில்லை. அம்மா காலையில் தூக்கி உள்ளே விடுவாள், மாலையில் வந்து தூக்குவாள். நடுவில் ஒன்றுக்கு வந்தாலும் அவள் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு கட்டினால் போதும், செங்கல் நான் தருகிறேன் என்றேன்.

"ஒரு புள்ளைக்காகவாம்மா? இன்னும் ரெண்டு வருஷம் போனா தானா ஏறக் கத்துக்கும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குள் எனக்குக் கெடாருக்கு மாற்றல் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை போய்க் கேட்டேன். பார்க்கலாம் என்றார். கெடாரில் நான் சேர்ந்த பால்வாடிக்கு முன்னால் சாலை இல்லை, பின்னால் ஒரு கிணறு இருந்தது. பிள்ளைகளை வெளியே விடும் முன் அதற்குச் சுவர் கேட்டு ஒரு வருஷம் அலைந்தேன். அந்த ஒரு வருஷமும் கிணற்றடியில் நானே நின்றேன்.

ஒரு நாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். கூடையோடு நின்றிருந்தாள். மகள் படிக்கிறாளா என்று கேட்டேன்.

"பேஜாரு டீச்சர். எத்தினி நாளைக்குக் கழனிய வுட்டுட்டு வந்து தூக்கிக்கினு இருக்கறது? நிறுத்திட்டேன்."

"வீட்டுல என்ன பண்றா?"

"என் தங்கச்சி புள்ளைய பாத்துக்கறா. கைக்கொயந்த. அவ கால நீட்டிக் குந்திக்கினே பாத்துக்குவா" என்றாள்.

அவளுடைய பஸ் வந்துவிட்டது. கூடையை ஏற்றிக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நேராகப் பார்த்துக்கொண்டு போனாள். அவள் மகளுக்கு அப்போது ஏழு வயது.